பையில் பாதியை வீட்டிலேயே விடுங்கள்: பல நாள் காட்டுப் பயணத்துக்கு எடை குறைக்கும் வழி

சிலாங்கூரின் குனோங் நுவாங் மலையில் ஒரு நாள் ஏறி இறங்கிவிட்டு, அடுத்தது தஹான்தான் என்று கிளம்பும் இளைஞர்கள் நம்மிடையே இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். செந்தூல், காஜாங், பூச்சோங், கிள்ளான் என்று ஊருக்கொரு வாட்சாப் குழு. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு நாள் ஏற்றத்தில் பழகிய உடம்பு நான்கு நாள் பயணத்தில் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் மலை இல்லை, முதுகில் இருக்கும் பைதான். இருபது கிலோவுக்கு மேல் சுமந்து வருகிறவர் முதல் நாள் மதியத்துக்குள் களைத்துவிடுவார், இரண்டாம் நாள் முட்டி வலிக்கும், மூன்றாம் நாள் அவருடைய பையை வேறு யாரோ சுமப்பார்கள்.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் பலர் எடை குறைக்க நினைத்தவுடன் கடைக்குப் போகிறார்கள். எடை குறைந்த கூடாரம், டைட்டானியம் பாத்திரம் என்று ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் செலவாகிறது. அப்புறமும் பை கனமாகவே இருக்கிறது, ஏனென்றால் உள்ளே போன ஐந்து டீ-சட்டையும் ஏழு சார்டின் டின்னும் அப்படியே இருக்கின்றன. நிறுத்துப் பார்ப்பது முதலில், எடுத்து வெளியே வைப்பது இரண்டாவது, பகிர்ந்துகொள்வது மூன்றாவது, வாங்குவது கடைசி. இந்த வரிசையில் போனால் ஒரு காசு செலவில்லாமலே ஐந்தாறு கிலோ குறையும்.

இந்தக் கட்டுரையில் நான் மனத்தில் வைத்திருப்பது மெராப்போ வழியாக குனோங் தஹானுக்குப் போகும் நான்கு நாள், மூன்று இரவுப் பயணம். 2,187 மீட்டர் உயரத்துடன் தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரம் அது. வேறு காட்டுக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். உரிமத்தோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கும், பல நாள் ஆற்றோரம் தங்கி மீன் பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குத் தூண்டில், துப்பாக்கி என்று கூடுதல் சுமை உண்டு. கிடைத்ததைத் திரும்பத் தூக்கி வரவும் வேண்டும். அதனால் போகும்போது இன்னும் இறுக்கமாகக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் தேவை, தஹான் இருக்கும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குள் வேட்டை அறவே கூடாது.

முதலில் தராசு

சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சாமானுக்கு, சென்னைக்கோ திருச்சிக்கோ போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் எங்காவது கிடக்கும். இந்த இரண்டும் போதும்.

வரவேற்பறையில் பாயை விரித்து, கொண்டுபோக நினைக்கும் அத்தனையையும் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, கைப்பேசியில் ஒரு பட்டியலாக எழுதுங்கள். சோம்பல்பட்டு "இது லேசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். லேசானவை என்று நாம் விட்ட சின்னச் சின்னச் சாமான்கள் சேர்ந்துதான் இரண்டு கிலோ ஆகின்றன. கைப்பேசி, பவர் பேங்க், அதன் வயர், சாவிக்கொத்து, பர்ஸ், பற்பசை டியூப் எல்லாமே தராசில் ஏறட்டும்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். உணவு, தண்ணீர், எரிவாயு மூன்றும் நாளுக்கு நாள் குறைகிறவை. மற்றவை எல்லாம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அப்படியே முதுகில் இருப்பவை. இந்த இரண்டாவது வகைக்கு அடிப்படை எடை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். முதலில் குறைக்க வேண்டியது இதைத்தான்.

புதியவர் ஒருவரின் பை பொதுவாக எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். பை மட்டும் 2.4 கிலோ, இருவர் படுக்கும் மலிவான கூடாரம் 2.8, தடித்த தூக்கப்பை 1.6, படுக்கும் பாய் அரை கிலோ, உடைகள் 3.2, அடுப்பு, பாத்திரம் 1.6, இதர சாமான்கள் 2.4, உணவு 5, தண்ணீர் 3. கூட்டினால் 22.5 கிலோ. இதில் ஒரு பொருள்கூடப் பைத்தியக்காரத்தனமானது இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டால் ஒரு நியாயம் இருக்கும். ஆனாலும் மொத்தம் தாங்காது.

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது மலையேறிகள் பொதுவாகச் சொல்லும் அளவு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ. 22.5 கிலோவை 12க்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. நடக்கக்கூடிய காரியம்தான்.

கூரையும் படுக்கையும்

மிகப் பெரிய எடை மூன்று சாமான்களில் இருக்கிறது: பை, கூடாரம், தூக்கப்பை. இவற்றை முதலில் பாருங்கள்.

தாழ்வான காட்டில், ஆற்றோர முகாம்களில், ஹெமாக் எனும் தொங்குபடுக்கையைக் கட்டிப் படுப்பது கூடாரத்தைவிட நல்லது என்பது என் அழுத்தமான கருத்து. கொசுவலையோடு கூடிய ஹெமாக் ஒரு கிலோவுக்குள் அடங்கும். மேலே மழைக்கு ஒரு ஃப்ளைஷீட், அதாவது கூரைத் துணி. தரை ஈரமாக இருந்தாலும், சரிவாக இருந்தாலும், வேர் முண்டிக்கொண்டு இருந்தாலும் கவலையில்லை. அட்டைகளும் அவ்வளவு எளிதில் வந்து சேராது. பாயும் வேண்டியதில்லை.

ஆனால் தஹான் மாதிரி உயரமான மலையில் ஒரு சிக்கல் உண்டு. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, உச்சிக்குப் பக்கத்தில் புதரும் புல்லும்தான் மிஞ்சும். ஹெமாக் கட்ட மரம் இருக்காது, காற்றும் பலமாக வீசும். அதனால் எந்தெந்த இரவு எந்த முகாமில் தங்கப்போகிறோம் என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கூரையை முடிவு செய்யுங்கள். உச்சி முகாமில் ஓர் இரவு உண்டு என்றால் கூடாரத்தை எடுத்து இரண்டு பேர், மூன்று பேர் பிரித்துச் சுமப்பதே சரி. ஒருவர் துணி, ஒருவர் கம்பி, ஒருவர் ஃப்ளைஷீட். மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 1.2 கிலோவுக்கு மேல் வராது.

தூக்கப்பை விஷயத்திலும் உயரம்தான் பதில் சொல்லும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். கோலாலம்பூரில் இரவு 24 டிகிரி என்றால் தஹான் உச்சியில் 10, 12 டிகிரி வரை இறங்கலாம். அதற்கு 800 கிராம் எடையுள்ள மெல்லிய தூக்கப்பை போதும். பனி கொட்டும் நாட்டுக்குத் தயாரித்த தடித்த தூக்கப்பை இங்கே வீண் சுமை. ஆயிரம் மீட்டருக்குக் கீழேயே தங்கும் பயணம் என்றால் தூக்கப்பையே வேண்டாம், ஒரு கைலியும் நீளக்கை சட்டையும் போதும்.

பையைப் பற்றி: எல்லாவற்றையும் குறைத்த பிறகு கடைசியாகப் பை வாங்குங்கள். எழுபது லிட்டர் பை கையில் இருந்தால் எழுபது லிட்டரையும் நிரப்பத்தான் தோன்றும். சாமான் குறைந்ததும் 45 அல்லது 50 லிட்டர் பை போதுமென்று நீங்களே காண்பீர்கள். அது ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கும். இடுப்புப்பட்டை நன்றாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே ஏழெட்டு கிலோ போட்டு நடந்து பாருங்கள். எடை தோளில் இருக்கக் கூடாது, இடுப்பு தாங்க வேண்டும்.

உடை: இங்கே ஈரம்தான் எடை

குளிர்நாட்டுப் பட்டியல்களைப் பார்த்து உடை எடுக்கிறவர்கள் நம் காட்டில் தவறிப்போகும் இடம் இதுதான். இங்கே மதியத்துக்கு மேல் மழை வரும், ஆற்றைக் கடக்கும்போது இடுப்புவரை நனையும், மழையே இல்லாவிட்டாலும் வியர்வையில் சட்டை ஊறிவிடும். நனைந்த பருத்தித் துணி தன் எடைக்குமேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், இரவு முழுக்கத் தொங்கப்போட்டாலும் காயாது. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பந்து விளையாடப் போடும் பாலியெஸ்டர் ஜெர்சி அருமையான காட்டு உடை, எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இரண்டே செட் போதும். ஒன்று நடக்க, ஒன்று படுக்க. நடக்கும் செட் நனைந்தே இருக்கும். மறுநாள் காலை அதே ஈர உடையை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து நிமிடம் உடம்பு சிலிர்க்கும், பத்து நிமிட நடையில் சூடேறிவிடும். படுக்கும் செட்டை எந்தக் காரணத்துக்காகவும் பகலில் தொடாதீர்கள். அது நனைந்தால் மேலே குளிரில் இரவு தாங்குவது கடினம். இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் ஐந்து டீ-சட்டைக்கு அவசியமே வராது.

உள்ளாடை மூன்று, காலுறை மூன்று ஜோடி, ஒரு மெல்லிய ஜாக்கெட், ஒரு மழைக்கோட்டு. அவ்வளவுதான். ஒன்றரைக் கிலோவுக்குள் வந்துவிடும். துவட்டிக்கொள்ள டர்க்கி டவல் எடுக்காதீர்கள். நம் வீட்டு மெல்லிய துண்டு நூறு கிராம்தான் இருக்கும், பிழிந்து பையின் வெளியே கட்டினால் நடந்துகொண்டிருக்கும்போதே பாதி காய்ந்துவிடும்.

பைக்கு உள்ளே ஒரு தடித்த குப்பைப் பிளாஸ்டிக் பையை உறைபோல விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டுங்கள். வெளியே போடும் மழை உறை ஒரு முள்ளில் பட்டால் கிழியும், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்குவதை அது தடுக்காது. ஐம்பது கிராம் பிளாஸ்டிக் பை தூக்கப்பையையும் உடையையும் காப்பாற்றும். தூக்கப்பை ஒருமுறை ஊறினால் அதுவே அரை கிலோ கூடுதல் சுமை.

அட்டைக்கு என்று உப்பு மூட்டை கொண்டு வருகிறவர்களையும் பார்க்கலாம். முட்டிவரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை ஒன்று போதும். நுவாங்கிலேயே அட்டைகளைச் சந்தித்திருப்பீர்கள், அவற்றால் பெரிய தீங்கு இல்லை.

சாப்பாடு: நம் சமையலறையிலேயே விடை இருக்கிறது

இந்தப் பகுதியைச் சொல்லத்தான் எனக்கு ஆசை அதிகம். காட்டு உணவு என்றால் டின் சார்டின், ரொட்டி, மேகி என்று நினைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் ஒரு வேளைக்கு முப்பது ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வெளிநாட்டு உலர் உணவுப் பாக்கெட் வாங்குகிறோம். பிரிக்பீல்ட்ஸிலோ ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலோ உள்ள ஒரு மளிகைக் கடைக்குள் தராசோடு நுழைந்து பாருங்கள். காய்ந்ததும் லேசானதும் சத்தானதுமான உணவு அலமாரி அலமாரியாக இருக்கிறது. ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பிருந்தே நம் வீடுகளில் வழிக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடுதான் அது.

கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 600 முதல் 700 கிராம் உலர் உணவு. நூறு கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று பாருங்கள். அரிசி, அவல், சேமியா எல்லாம் சுமார் 350. வறுத்த நிலக்கடலை ஏறக்குறைய 570. நெய்யும் நல்லெண்ணெயும் 900ஐ ஒட்டி வரும். தக்காளிச் சாற்றில் உள்ள சார்டின் 200ஐக்கூடத் தொடாது, அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர், தகரம் வேறு. ஆகவே கடலையும் நெய்யும் எண்ணெயும் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு எடை குறைந்தும் வயிறு நிறைந்தும் இருக்கும். வீட்டில் எண்ணெயைக் குறைக்கச் சொல்லும் டாக்டர்கூட, நாள் முழுக்க மலை ஏறுகிற அந்த நான்கு நாளைக்கு ஒன்றும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். சர்க்கரை நோய், இதய நோய் உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

காலைக்குச் சத்துமாவு. வீட்டிலேயே வறுத்து அரைத்தது, வெல்லத்தூளும் பால்பவுடரும் முன்பே கலந்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக. கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் கஞ்சி. இனிப்பு பிடிக்காதவர்கள் உப்பும் மிளகும் சீரகமும் கலந்துகொள்ளலாம். காலையில் காட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டு நேரம் கடத்தாமல் சீக்கிரம் கிளம்ப இது நல்ல வழி.

மதியத்துக்குச் சமைக்கவே வேண்டாம். முதல் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தண்ணீர் விடாமல் நல்லெண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கிய தொக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். மறுநாளிலிருந்து அவல். சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, புளிக்காய்ச்சலைப் பிசைந்து, மேலே வறுத்த கடலை. எரிவாயு செலவே இல்லை. மெல்லிய அவலைவிடக் கெட்டி அவல் நல்லது, கசங்கித் தூளாகாது. நடக்கும்போது கொறிக்க கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி. சட்டைப்பையில் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இரவுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். ஈரமான உடம்போடு முகாமுக்கு வந்து உட்காரும்போது சூடான சாப்பாடு மனத்துக்கே தேவை. சோறு பொங்கலாம், ஆனால் எரிவாயு அதிகம் பிடிக்கும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால் வேகும் நேரம் குறையும். சேமியா ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். கூடவே பருப்புப் பொடி, நெய், மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உலர்ந்த சோயா உருண்டை இருக்கிறது. கைப்பிடியளவு எடுத்தால் எடையே தெரியாது, ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும், புரதம் நிறைந்தது. ரசப்பொடியும் புளிப்பசையும் கொஞ்சம் இருந்தால் மேலே குளிரில் ஒரு குவளை ரசம் வைக்கலாம். அந்த உயரத்தில் மிளகு ரசத்துக்கு இணையாக எதையும் நான் சொல்லமாட்டேன்.

எதையும் கடைப் பாக்கெட்டிலேயே கொண்டுபோகாதீர்கள். அட்டைப் பெட்டி, டின், கண்ணாடிப் புட்டி எல்லாம் வீட்டில் நிற்கட்டும். ஒரு வேளைக்கு ஒரு ஜிப் பை, மேலே பேனாவில் "2ஆம் நாள் இரவு" என்று எழுதிவிடுங்கள். தாமான் நெகாரா வாயிலில் பையைப் பிரித்து, குப்பையாகக்கூடிய பொருட்களைக் கணக்கெடுத்து எழுதுவார்கள். திரும்பி வரும்போது அத்தனையும் இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். பொட்டலம் குறைந்தால் அந்த வேலையும் சீக்கிரம் முடியும், குப்பைச் சுமையும் குறையும்.

இப்படிக் கட்டினால் நான்கு நாளைக்கு 2.6 கிலோ. முன்பு ஐந்து கிலோ. ஒரு வேளைக்குரிய அவலையும் கடலையையும் அவசரத்துக்கென்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பெருகி ஒரு பகல் காத்திருக்க நேர்ந்தால் பயன்படும். அதற்கு மேல் கூடுதல் வேண்டாம். பலரின் பையில் இரண்டு கிலோ உணவு அப்படியே திரும்பி வருகிறது. வீட்டில் அம்மா கட்டிக்கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான். பட்டியலையும் தராசையும் அவரிடம் காட்டி, அதே அளவை அவர் கையாலேயே கட்டித்தரச் சொல்லுங்கள், மனம் நோகாது.

தண்ணீர்

ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதை மாற்ற எந்தக் கடையாலும் முடியாது. ஆனால் நம் காட்டில் தண்ணீர் பல இடங்களில் கிடைக்கிறது. அடுத்த தண்ணீர் எங்கே, எத்தனை மணி நேர நடையில் என்று வழிகாட்டியிடம் ஒவ்வொரு காலையும் கேளுங்கள். ஆற்றை ஒட்டிப் போகும் நாளில் ஒரு லிட்டர் போதும். முகட்டின் மேல் நீண்ட நேரம் நடக்கும் நாளில் இரண்டரை லிட்டர்கூடத் தேவைப்படும். எல்லா நாளும் மூன்று லிட்டர் தூக்குவதுதான் வீண்.

கிளம்பும் முன் முகாமிலேயே அரை லிட்டர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வயிற்றில் இருக்கும் தண்ணீர் முதுகில் இருப்பதைவிட உபயோகமானது.

சுத்திகரிப்பில் மட்டும் எடையைப் பார்த்துச் சமரசம் செய்யாதீர்கள். நூறு கிராமுக்குள் வரும் பிழிந்து வடிகட்டும் கருவிகள் நல்லவைதான், ஆனால் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் கிருமி மிக மெல்லியது. நுண்ணிய வடிகட்டியின் துளைகளிலும் நழுவிவிடக்கூடியது. வடிகட்டிய தண்ணீரில் சுத்திகரிப்பு மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், அல்லது கொப்பளிக்கக் கொதிக்கவைத்து ஒரு நிமிடம் விடுங்கள். மாத்திரைப் பட்டையின் எடை சில கிராம்தான். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்கும் முன் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காலில் உள்ள எடை

காலணியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் முதுகில் கூடும் நூறு கிராமைவிடப் பல மடங்கு அதிகமாகக் களைப்பாக்கும், ஏனென்றால் ஆயிரக்கணக்கான முறை அதைத் தூக்கி வைக்கிறோம். தோல் பூட்ஸ் ஆற்றில் ஒருமுறை இறங்கினால் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். நம் நாட்டு வழிகாட்டிகள், ஓராங் அஸ்லி பழங்குடிச் சுமை தூக்கிகள் காலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அடிடாஸ் கம்போங் என்று எல்லாரும் சொல்லும் கறுப்பு ரப்பர் காலணிதான். சாலையோரக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அடியில் உள்ள ரப்பர்ப் பற்கள் சேற்றைப் பிடிக்கும், தண்ணீர் ஊறாது. ஆனால் பழகாத காலுக்குக் கொப்புளம் போடும். தடித்த காலுறையோடு இரண்டு மூன்று சின்னப் பயணங்களில் பழகிவிட்டுப் பெரிய பயணத்துக்குப் போடுங்கள். கணுக்கால் பலவீனமானவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன், லேசான துணிக் காலணியே மேல்.

கூட்டுச் சுமை

ஆறு பேர் போனால் ஆறு அடுப்பு, ஆறு பாராங் கத்தி, ஆறு மருந்துப் பெட்டி வேண்டாம். கிளம்ப ஒரு வாரத்துக்கு முன் எல்லாரும் பட்டியலோடு ஒரு மாமாக் கடையில் உட்காருங்கள். மூன்று பேருக்கு ஓர் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம். 230 கிராம் எரிவாயு உருளை ஒன்றில் சுமார் 12 லிட்டர் தண்ணீர் கொதிக்கவைக்கலாம், அதை வைத்து எத்தனை உருளை என்று கணக்குப் போடுங்கள். பாராங் வழிகாட்டியிடம் இருக்கும். பவர் பேங்க் ஆளுக்கு 10,000 mAh அளவுள்ளது ஒன்று போதும், உள்ளே சிக்னல் கிடைக்காத இடங்களில் கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் அதுவே மிஞ்சும்.

பங்கு பிரிக்கும்போது எல்லாருக்கும் சமம் என்று பிரிக்காதீர்கள். உடல் எடையைப் பார்த்துப் பிரியுங்கள். 48 கிலோ எடையுள்ள தங்கையும் 85 கிலோ எடையுள்ள அண்ணனும் ஒரே அளவு தூக்குவது நியாயமில்லை. கொடுக்க மறுத்து வீம்பு பிடிக்கிறவரிடமிருந்தும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பின்தங்கினால் மொத்தக் குழுவும்தான் இருட்டில் முகாம் சேரும்.

தராசு பார்க்கக் கூடாதவை

நெற்றி விளக்கும் அதற்கு மாற்று பேட்டரியும். விசில். மழைக்கோட்டு. அவசரப் போர்வை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், பாராசிட்டமால், ஒவ்வாமை மாத்திரை, எலாஸ்டிக் கட்டுத்துணி, பிளாஸ்திரி. இவை எல்லாம் சேர்ந்தும் அரை கிலோதான் இருக்கும். இதில் கை வைக்காதீர்கள்.

நம் சமூகத்தில் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தினமும் சாப்பிடும் மாத்திரையை நான்கு நாள் பயணத்துக்கு ஆறு நாள் அளவு எடுங்கள். இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நண்பர் பையில் கொடுத்து வையுங்கள். நீங்கள் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பது குழுவில் இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்திகை

பையை அடுக்கும்போது தூக்கப்பை அடியில், உணவும் பாத்திரமும் முதுகுத்தண்டை ஒட்டி நடுவில், மழைக்கோட்டும் மருந்தும் விளக்கும் மேலே. மறுபடி கொக்கித் தராசில் மாட்டுங்கள். பை 1.6, கூரையில் உங்கள் பங்கு 1.2, தூக்கப்பை 0.8, பாய் 0.3, உடை 1.5, சமையல் பங்கு 0.5, இதர சாமான் 1.3 என்று வந்தால் அடிப்படை எடை 7.2 கிலோ. உணவு 2.6, தண்ணீர் 1.5, எரிவாயுவில் உங்கள் பங்கு 0.2. ஆக 11.5 கிலோ. இருபத்திரண்டரையில் தொடங்கிய அதே பை.

இந்த எடையோடு முதலில் பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங்கில் ஒரு மாலை நடந்து பாருங்கள். எந்தப் பட்டை உரசுகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து உலு லங்காட்டில் இருக்கும் நுவாங். 1,493 மீட்டர், சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. வனத்துறை அனுமதி முன்பே எடுத்துவிடுங்கள். பங்சூனிலிருந்து கெம் லோலோ வரைக்கும் போகும் நீண்ட பாதையே பையின் குணத்தைச் சொல்லிவிடும், கெம் பாச்சாட் வரை ஏறினால் உங்கள் முட்டியின் குணமும் தெரியும். முடிந்தால் அங்கே ஓர் இரவு தங்கி, தஹானுக்குக் கொண்டுபோகும் அதே உணவைச் சமைத்துச் சாப்பிடுங்கள். அவல் பிடிக்கவில்லை என்பதைத் தஹான் பாதியில் கண்டுபிடிக்க வேண்டாம்.

தஹானுக்கு வழிகாட்டி கட்டாயம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாதைகள் மூடப்படுவதால் நாளைக் குறிக்கும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த அன்றே

குளித்துச் சாப்பிட்டதும் தூங்கப் போகாமல், பையை அதே பாயில் கொட்டி மூன்று குவியலாகப் பிரியுங்கள். தினமும் எடுத்தது ஒரு குவியல், ஒரே ஒருமுறை எடுத்தது இன்னொன்று, தொடவே தொடாதது மூன்றாவது. கைப்பேசிப் பட்டியலைத் திறந்து மூன்றாவது குவியலில் உள்ளவற்றை அழித்துவிடுங்கள். இரண்டாவது குவியலைப் பார்த்து, அது இல்லாமலும் சமாளித்திருக்க முடியுமா, நண்பரிடம் இருந்ததா என்று யோசியுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் எது பயன்பட்டது, எது படவில்லை என்பது நினைவில் இருக்காது. மருந்துப் பொட்டலமும் விளக்கும் விசிலும் அவசரப் போர்வையும் மூன்றாவது குவியலில் விழுந்திருக்கும், விழுந்தால் நல்லதுதான். அவற்றை மட்டும் பட்டியலில் அப்படியே விட்டுவிட்டு, பேட்டரியையும் மாத்திரைகளின் காலாவதித் தேதியையும் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வையுங்கள்.